தம்பிக்காக ஜெபிக்கிறேன், தம்பி மனைவியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்

பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 48 வயது. பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியது இவர்தான். அந்தப் பொறுப்பில் இவருடைய கல்யாணப் பேச்சு தள்ளிப்போய், அப்படியே நின்றும் போனது. இப்போது ஒரு தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமையல் வேலை. தம்பி செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். உழைப்பாளி, மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் பல வருடங்களாகச் சம்சு என்ற மலிவுச் சாராயமோ பீரோ இல்லாமல் ஒரு நாளும் கழிவதில்லை. குடித்தால் மனைவியை அடிக்கிறார்.

“அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) கிளம்பின அதே விடிகாலை நேரத்தில் எழுந்து தம்பிக்காக முழங்கால் போடுகிறேன். என்றைக்கு எதற்காக ஜெபித்தேன் என்று 555 புத்தகத்தில் (கடைகளில் பற்று எழுதும் சின்னக் குறிப்புப் புத்தகம்) எழுதி வைக்கிறேன். பதினொரு வருடம் ஆகிவிட்டது. புத்தகங்கள் நிறைந்துகொண்டே போகின்றன, அவன் மாறவில்லை” என்கிறார்.

இந்த வருடம் ஜெபக்குழு சொன்னபடி 40 நாள் உபவாசம் எடுத்திருக்கிறார். அது முடியப்போகும் சமயத்தில் ஒரு ராத்திரி, தம்பி மனைவி ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். உதடு கிழிந்திருந்தது. ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. உள்ளே வந்ததும் பிள்ளை, “அத்தை, கதவைப் பூட்டுங்க” என்றதாம். இவர் குழுத் தலைவிக்குப் போன் போட்டிருக்கிறார். “வெற்றி கிட்ட வரும்போதுதான் சத்துரு குடும்பத்தைப் பிரிக்கப் பார்ப்பான். இப்போது பிரிந்தால் செய்த ஜெபமெல்லாம் வீண். இயேசு சொன்ன உவமையில் விடாமல் கேட்ட அந்த விதவையைப்போல அவளும் பொறுத்துப்போகட்டும்” என்று பதில் வந்திருக்கிறது. விடிந்ததும் இவரே தாயையும் பிள்ளையையும் மோட்டாரில் ஏற்றிக் கொண்டுபோய்த் தம்பி வீட்டில் விட்டிருக்கிறார். அடுத்த வாரமே மறுபடி அடி விழுந்தது. இந்தத் தடவை தம்பி மனைவி இவர் வீட்டுக்கு வரவில்லை.

இப்போது குழு வேறொரு திட்டம் போட்டிருக்கிறது. ஒரு விசுவாசியின் வீட்டு அறையில் தம்பியை மூன்று நாள் வைத்து, ஒரு சொட்டுக் குடியும் கொடுக்காமல், சுற்றி உட்கார்ந்து ஜெபிப்பதாம். நாளும் குறித்தாகிவிட்டது.

சகோதரி கேட்பது இதுதான்: ஜெபம் கேட்கப்படாததற்கு என் அவிசுவாசம்தான் காரணமா? தம்பி மனைவி போலீசுக்குப் போக நினைக்கிறாள், அவளை அனுப்பினால் நான் செய்த ஜெபத்துக்கே துரோகம் செய்ததாகாதா? முழங்கால் போட்டால் இப்போதெல்லாம் ஒரு வார்த்தைகூட வரவில்லை, விட்டுவிடலாமா?

அன்புச் சகோதரி,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம்.

அந்த மூன்று நாள் அறை வேண்டாம்

வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவரின் மூளையும் நரம்பும் மதுவுக்கு ஏற்றபடி பழகிப்போயிருக்கும். திடீரென்று அதை நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பார்கள், கத்துவார்கள், தப்பி ஓடப் பார்ப்பார்கள், காய்ச்சல் ஏறும். டெலீரியம் டிரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை இது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

சுற்றி உட்கார்ந்து ஜெபிப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். ‘பிசாசு வெளிப்படுகிறது’ என்று இன்னும் சத்தமாக ஜெபிப்பார்கள். ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டிய நேரம் அதிலேயே போய்விடும். அவர்களுடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அறையில் நடக்கப்போவதைத் தாங்கும் அறிவு அங்கே யாருக்கும் இல்லை என்பதுதான் என் பயம்.

இதே காரியத்தை மருத்துவமனையில் பாதுகாப்பாகச் செய்யலாம். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்தைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தையமின் என்ற வைட்டமினும் சேர்த்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் நெடுநாள் குடியில் அது உடம்பில் வற்றிப்போயிருக்கும். உங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கில் நிலைமையைச் சொன்னால் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். குடியை விட்ட பிறகு அந்த உறுதியில் நிலைத்து நிற்க குடியிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் மலேசியாவிலும் நடக்கின்றன. குழுவினர் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஜெபிக்கட்டும், நானும் அதற்கு ஆமென் சொல்வேன்.

மருந்தைத் தேடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கொலோசெயர் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். 12-ஆம் வசனத்தில் எப்பாப்பிரா வருகிறார். உங்களுக்காகத் தன் ஜெபங்களில் எப்போதும் போராடுகிறவர் என்று பவுல் அவரைப் பற்றிச் சொல்லுகிறார். 14-ஆம் வசனத்தில் ‘பிரியமான வைத்தியனாகிய லூக்கா’ வருகிறார். ஒரே கடிதத்தின் வாழ்த்தில், ஒரே மனிதரின் பக்கத்தில், ஜெபவீரரும் வைத்தியரும் சேர்ந்து நிற்கிறார்கள். நள்ளிரவில் அப்பம் கேட்டு வந்த நண்பனின் கதையையும் அந்த விதவையின் கதையையும் நமக்கு எழுதிவைத்தது இந்த லூக்காவின் சுவிசேஷம் மட்டுமே.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ராத்திரிப் போதை தெளியாமலே தம்பி விடிகாலையில் லாரி எடுக்கும் நாட்கள் உண்டு என்று. அதை அப்படியே கடந்துபோக என்னால் முடியவில்லை. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான தண்டனையை 2020-இல் சட்டம் மிகவும் கடுமையாக்கியிருக்கிறது. சட்டத்தையும் விடுங்கள், அந்தச் சாலையில்தான் பள்ளிப் பிள்ளைகளின் வேன் போகிறது. அப்படிப்பட்ட காலையில் சாவியை எடுத்துக் கொடுக்காதீர்கள், முதலாளியிடம் காய்ச்சல் என்று பொய்யும் சொல்லாதீர்கள்.

அந்த விதவை எங்கே போனாள்?

குழுத் தலைவி லூக்கா 18-ஐ நினைவுபடுத்தினார். நல்லது, அதையே நிதானமாக வாசிப்போம். அந்த விதவை வீட்டில் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அல்ல. நியாயாதிபதியிடம் போனாள். ‘எனக்கும் என் எதிராளிக்கும் இருக்கிற காரியத்தில் எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்’ என்று கேட்டாள். அவளுக்கு அநியாயம் செய்தவன் ஒருவன் இருந்தான். அவன்மேல் வழக்கோடு போனாள். கேட்கமாட்டேன் என்று தள்ளியபோதும் மறுபடி போனாள். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு தேர்ந்தெடுத்த மாதிரி, நியாயம் கேட்டு நியாயாதிபதியின் வாசலை விடாத ஒரு பெண். அந்த உவமையை வைத்துக்கொண்டே அடிபட்ட ஒரு பெண்ணிடம் ‘நியாயம் கேட்டுப் போகாதே’ என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஆகவே, தம்பிக்காக ஜெபிப்பதும் அவர் மனைவிக்குத் துணையாக நிற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. உங்கள் தம்பி பாவத்திலிருந்து மீளவேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் இன்னொரு முறை கையை ஓங்க முடியாதபடி தடுப்பதும் அவரைப் பாவத்திலிருந்து காப்பதுதான். அவர் அடிப்பதை மூடிமறைக்க நீங்கள் உதவும் வரைக்கும், மாற வேண்டிய அவசியமே அவருக்கு வராமல் போகலாம்.

இங்கே ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘அவளைப் போலீசுக்கு அனுப்பலாமா’ என்று கேட்கிறீர்கள். அனுப்புவதும் தடுப்பதும் உங்கள் முடிவு அல்ல, என் முடிவும் அல்ல, சபையின் முடிவும் அல்ல. அது அவருடைய உடம்பு, அவருடைய பிள்ளை, அவருடைய முடிவு. எந்த வழிகள் இருக்கின்றன என்று அவருக்குத் தெரிய வைப்பதும், அவர் எதைத் தேர்ந்தாலும் கூடப் போவதும்தான் உங்கள் பங்கு. அவருக்குச் சொல்லவேண்டியவை இவை.

உடனடி ஆபத்து என்றால்: 999. ஆலோசனையும் தங்குமிடமும் வேண்டுமென்றால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, சமூக நல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். அதற்குப் போலீஸ் புகார் தேவையில்லை. அது 7 நாளுக்குச் செல்லும். யோசிக்கவும் மூச்சுவிடவும் அந்த ஏழு நாள் பெரிய உதவி.

காயம் இருந்தால்: அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், விழுந்துவிட்டேன் என்று சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். இப்படி வருகிறவர்களைத் தனியிடத்தில் வைத்துக் கவனிக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. மருத்துவர் எழுதும் அறிக்கை பிற்பாடு நீதிமன்றத்தில் பேசும். கிழிந்த உதட்டை அன்றே படம் எடுத்திருக்கலாம். இனியாவது தேதியோடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

போலீசில் புகார் கொடுத்தால்: விசாரணை முடியும் வரைக்கும் மாஜிஸ்திரேட் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் 12 மாதம் வரை செல்லும் உத்தரவு பெறலாம். கைநீட்டுவது மட்டுமல்ல, மிரட்டுவதும் மனத்தை வதைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

இதில் உள்ள சிக்கல்களையும் மறைக்காமல் சொல்கிறேன். பாதுகாப்பு உத்தரவு என்பது தண்டனை அல்ல. அதைப் பெற்றதும் தம்பியைச் சிறையில் போட்டுவிடுவார்கள் என்ற உங்கள் பயம் சரியல்ல. ஆனால் புகார் கொடுத்தால் விசாரணை நடக்கும். மனைவியைக் காயப்படுத்தியது நிரூபணமானால் குற்றவியல் சட்டத்தில் தண்டனை உண்டு, வேலைக்குப் பாதிப்பு வராது என்றும் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அவர்கள் இருப்பது கம்பெனி வீடு என்கிறீர்கள். அது அவருடைய வேலையோடு ஒட்டியிருக்கிற வீடு, அதனால் மனைவி எங்கே தங்குவது என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவில் கேட்கலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. மனைவி கிளம்பப்போகிறாள், புகார் கொடுக்கப்போகிறாள் என்று தெரியவரும் நேரத்தில்தான் அடி அதிகமாகும். ஆலோசனை அறையில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அதனால் தம்பியிடம் ‘இப்படியே போனால் அவள் போலீசுக்குப் போவாள், பார்த்துக்கொள்’ என்று எச்சரிக்க நினைக்காதீர்கள். அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், மருந்து, இரண்டு செட் உடுப்பு, இவற்றை உங்கள் வீட்டில் வைத்திருக்க அவர் விரும்பினால் இடம் கொடுங்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்போதைக்கு அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லலாம். பிள்ளையின் பள்ளி, வாடகை, ஊர் வாய் என்று அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். கோபப்படாதீர்கள்.

என் விசுவாசம் போதவில்லையா?

பதினொரு வருடமாக உங்களை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. அதோடு ‘உங்களுக்குள் ஏதோ தடை இருக்கிறது, பாவத்தைத் தேடிப் பாருங்கள்’ என்று குழுவில் ஒருவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

லூக்கா 22-ஐப் பாருங்கள். கடைசிப் பந்தியில் இயேசு பேதுருவிடம் சொல்லுகிறார்: ‘நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்.’ ஜெபித்தவர் யார்? தேவகுமாரன். அவரிடத்தில் பாவம் இல்லை, அவிசுவாசம் இல்லை, தடை இல்லை. ஆனாலும் அதே ராத்திரி, சேவல் கூவுகிறதற்குள்ளே, பேதுரு மூன்று தரம் மறுதலித்தான். இயேசுவே ஜெபித்த ஒருவன் அன்றே விழ முடிந்தது என்றால், உங்கள் தம்பி விழுவதைக் காட்டி உங்கள் விசுவாசத்தை அளக்க எவருக்கும் உரிமை இல்லை.

அந்த வசனம் அதோடு முடியவில்லை. ‘நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து’ என்கிறார். விழுவான் என்று தெரிந்தே, எழுந்த பிறகு செய்யவேண்டிய வேலையையும் முன்கூட்டியே கொடுத்துவைக்கிறார். பேதுருவின் கையையும் நாவையும் பிடித்துக் கட்டிவிடவில்லை. வெளியே போய் மனங்கசந்து அழுததும் பேதுருதான், திரும்பி வந்ததும் பேதுருதான். நாம் இன்னொருவருக்காக எவ்வளவு கேட்டாலும், அந்த இன்னொருவருக்குச் சொந்த மனம் ஒன்று இருக்கிறது. தேவன் அதை மதிக்கிறார். கெஞ்சுகிறார், வழிமறிக்கிறார், ஆட்களை அனுப்புகிறார், ஆனால் பிடுங்கிக்கொள்வதில்லை. விடாமல் ஜெபிப்பதன் வல்லமை ஒருவரின் மனத்தை அவருக்குத் தெரியாமல் திருப்பிவைக்கும் வல்லமை என்று நமக்குச் சொல்லித் தந்திருந்தால், தப்பாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

கேட்டதை ஏற்காத பதிலும் உண்டு. பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்காவைப் பற்றி உங்கள் சபையிலும் பேசியிருப்பார்கள். மகனுக்காகப் பல வருடம் அழுது ஜெபித்தவர். அவர் வாழ்க்கையில் அதிகம் சொல்லப்படாத ஒரு ராத்திரி உண்டு. மகன் ரோமுக்குப் போய்விடக் கூடாது என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்தில், சிப்பிரியான் என்ற இரத்தசாட்சியின் நினைவாலயத்தில் ராத்திரி முழுதும் கண்ணீரோடு ஜெபித்தார். மகன் தாயிடம் பொய் சொல்லிவிட்டு அன்றிரவே கப்பலேறிவிட்டார். கரையில் காலையில் அந்தத் தாய் அழுத அழுகையை நினைத்துப் பாருங்கள். ஆனால் ரோமிலிருந்து மகன் மிலானுக்குப் போனார், அங்கே அம்புரோஸ் என்ற பேராயரின் பிரசங்கத்தைக் கேட்டார், 387-இல் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். தாய் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதே வருடம் இறந்தார். அம்மா எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகத்தான் அன்றைக்குக் கேட்டதைத் தேவன் கொடுக்கவில்லை என்று அகஸ்டினே பிற்பாடு எழுதினார். ‘குடும்பம் பிரியக் கூடாது’ என்ற உங்கள் ஜெபத்தையும் இப்படி ஒரு முறை யோசித்துப் பாருங்கள். மனைவியும் பிள்ளையும் கொஞ்ச நாள் விலகி இருப்பது உங்கள் ஜெபத்தின் தோல்வி என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

மோனிக்காவைச் சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். முகத்தில் அடித்தழும்போடு வந்த அக்கம்பக்கத்துப் பெண்களிடம் நாவை அடக்கி இருங்கள் என்று அவர் புத்தி சொன்னதாக அதே மகன் பாராட்டி எழுதியிருக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பெண்களுக்கு ஓடிப்போக இடமும் இல்லை, காக்கச் சட்டமும் இல்லை. அவருடைய ஜெபத்தைப் பின்பற்றுங்கள். அந்த ஆலோசனையை உங்கள் தம்பி மனைவிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் 555 புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை எரித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆனால் கடைக்காரர் பற்று எழுதுவதைப்போல, இவ்வளவு கொடுத்திருக்கிறேன், எப்போது திரும்ப வரும் என்று அவற்றைப் புரட்டாதீர்கள். ஆபிரகாம் சோதோமுக்காக ஐம்பது நீதிமான்களிலிருந்து பத்து வரைக்கும் இறங்கி இறங்கிக் கேட்டார். அந்த ஊர் தப்பவில்லை. ஆனாலும் அங்கிருந்த லோத்துவை வெளியே கொண்டுவந்தபோது ‘தேவன் ஆபிரகாமை நினைத்து’ அதைச் செய்தார் என்று வேதம் எழுதிவைத்திருக்கிறது. ஆபிரகாம் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அவர் கேட்டதை தேவன் மறக்கவில்லை.

அந்த ராத்திரி தம்பி மனைவி ஏன் உங்கள் கதவைத் தட்டினார் என்றும் நான் யோசிக்கிறேன். அந்தத் தெருவில் வேறு வீடுகள் இருந்தன. விடிகாலையில் விளக்கெரியும் வீடு அது, அவர்களுக்காக அழுகிற அத்தை வீடு அது என்று ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருட ஜெபம் உங்களை அப்படி ஒரு ஆளாக அவர்களுக்கு ஆக்கியிருக்கிறது. தம்பி மாறவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

வார்த்தை வராதபோது

விட்டுவிடலாமா என்றால், ஜெபத்தை விடவேண்டாம். ஜெபத்தைச் சுற்றி நீங்கள் கட்டிக்கொண்ட சிலவற்றை விடுங்கள்.

முதலில் உபவாசம். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடும் நீங்கள் சாப்பாட்டை விட்டு, கேண்டீன் அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்திருக்கிறீர்கள். சர்க்கரை இறங்கிப்போய் விழுவது உயிருக்கே ஆபத்து. கிளினிக் டாக்டரைக் கேட்காமல் இனி ஒருவேளைகூடச் சாப்பாட்டை விடாதீர்கள். உபவாசிக்கத்தான் வேண்டுமென்றால் கைப்பேசியை ஒரு நாள் மூடிவைக்கலாம். தூக்கமும் வேண்டும். அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் அசந்துபோயின. இன்னும் உயர்த்து என்று யாரும் அவரை அதட்டவில்லை. உட்கார ஒரு கல்லைப் போட்டார்கள், ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கு ஒரு பக்கம் கையைத் தாங்கினார்கள்.

உங்கள் கையைத் தாங்க இரண்டு பேர் போதும். முப்பது பேர் இருக்கிற வாட்சாப் குழு வேண்டாம். தம்பி மனைவி அடிபட்ட விஷயம் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அந்தக் குழுவில் ஓடி, மறுநாள் மளிகைக்கடையில் அவரிடமே துக்கம் விசாரித்தார்களாமே. தோட்டத்து ஊரில் ஒரு வீட்டுக் கதை அடுத்த லயத்துக்குப் போக நேரமே ஆகாது. இன்னொருவருடைய காயத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் ஜெபக்குறிப்பாகவும் சொல்லக் கூடாது. வாய் காக்கத் தெரிந்த இரண்டு பேரைத் தேடுங்கள், அவர்களிடமும் பெயரும் விவரமும் குறைவாகவே சொல்லுங்கள்.

வார்த்தை வரவில்லை என்பது விசுவாசம் போய்விட்டதன் அடையாளம் அல்ல. எப்படி வேண்டிக்கொள்வதென்று நாம் அறியாமல் இருக்கும்போது ஆவியானவர்தாமே ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு’ நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்லுகிறது. சும்மா உட்கார்ந்து பெருமூச்சு விடுங்கள், அதுவும் கணக்கில் சேரும். வார்த்தை வரும் நாளில், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ‘குடியின் ஆவி அவளை அடித்தது’ என்று ஜெபித்துவந்திருக்கிறீர்கள். ‘ஆண்டவரே, என் தம்பி அவளை அடித்தான்’ என்று சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது நெஞ்சு வலிக்கும். தம்பியை இருக்கிறபடியே நீங்கள் தேவனுக்கு முன்னால் கொண்டுவரும் முதல் தடவையாக அது இருக்கலாம். அதற்குப் பிறகு அவர் மனைவியின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் தனியாகச் சொல்லி ஜெபியுங்கள். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் தம்பியின் பெயர் எத்தனையோ இடத்தில் வருகிறது, அவர் மனைவியின் பெயர் எங்கேயும் இல்லை.

இந்த வாரம்

குழுத் தலைவியோடு சண்டை வேண்டாம். அவரும் உங்கள் தம்பி மீளவேண்டும் என்றுதான் அழுகிறார். நேராகப் பாஸ்டருக்குப் போன் போட்டு, அந்த மூன்று நாள் கூட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மேலே எழுதியதை அவரிடம் அப்படியே வாசித்துக் காட்டலாம். தம்பியிடம் கிளினிக்கைப் பற்றி அவர் தெளிவாக இருக்கும் ஒரு மத்தியானத்தில் பேசுங்கள். குடித்திருக்கும்போது பேசாதீர்கள், மனைவியின் பேச்சை எடுக்காதீர்கள். ‘உன் கை நடுங்குவதைப் பார்க்கிறேன், டாக்டரிடம் நான் கூட வருகிறேன்’ என்ற அளவில் நிறுத்துங்கள். மறுத்தால் இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள். விடாமல் கேட்பது உங்களுக்குப் பழக்கம்தானே.

அதற்கு முன்னால் தம்பி மனைவியைப் போய்ப் பாருங்கள், தம்பி லாரியில் இருக்கும் நேரமாகப் பார்த்து. வசனம் சொல்லவேண்டாம், அவராகக் கேட்காமல் ஜெபிக்கவும் வேண்டாம். “அன்றைக்கு உன்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டது நான் செய்த தப்பு. இனிமேல் எந்த நேரத்தில் வந்தாலும் வீடு உனக்கும் பிள்ளைக்கும் உண்டு. நீ எங்கே போகணும்னாலும் கூட வர்றேன்” என்று சொல்லுங்கள். அவர் மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்காதீர்கள். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கும் அவருக்கு நியாயம் உண்டு. 15999 என்ற எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் கையில் மட்டும் கொடுங்கள். தம்பி அவருடைய போனை எடுத்துப் பார்ப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் போனில் எதையும் அனுப்பவேண்டாம்.